எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு நல்ல நாவலைப் பரிந்துரைப்பது எப்படி: கொழும்புப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

தவணை விடுமுறை தொடங்கும் வாரத்தில் கொழும்பின் ஏதாவதொரு தமிழ்ப் புத்தகக்கடையில் சற்று நேரம் நின்றால், "பத்து வயதுப் பிள்ளைக்கு நல்ல புத்தகம் ஒண்டு தாங்கோ" என்று பெற்றோர் கேட்பது காதில் விழும். கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்பார். பெரும்பாலும் அது தெனாலிராமன் கதைகளாகவோ, நீதிக்கதைத் தொகுப்பாகவோ, பொது அறிவு வினாவிடையாகவோ இருக்கும். அவற்றை வாசிப்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அப்போது வேண்டியிருப்பது, ஒரே பாத்திரத்தோடு பல நாட்கள் கூடவே இருந்து, அதன் பயத்தையும் பிடிவாதத்தையும் தன்னுடையதாக உணரச் செய்யும் ஒரு நாவலாக இருக்கலாம். அப்படியொரு நாவலைத் தெரிந்தெடுத்து, அந்தப் பிள்ளை விரும்பி வாசிக்கும்படி அதன் கையில் சேர்ப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை, அதாவது ஏறத்தாழத் தரம் நான்கிலிருந்து தரம் எட்டு வரையான பிள்ளைகளையே மனத்தில் வைத்திருக்கிறேன். படப்புத்தகங்களைத் தாண்டிவிட்ட, ஆனால் பெரியவர்களின் நாவல்களுக்கு இன்னும் வந்துசேராத இடைப்பட்ட பருவம் அது. ஆங்கிலத்தில் இந்தப் பருவத்தினருக்கு எழுதப்படும் நாவல்கள் பொதுவாக 20,000 முதல் 50,000 சொற்கள் வரை நீளும். தமிழில் வெளிவரும் சிறுவர் நாவல்களில் பெரும்பாலானவை அதைவிட மிகச் சிறியவை. நூறு பக்க அளவிலேயே முடிந்துவிடும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

முதலாம் படி: பிள்ளையிடமே கேளுங்கள்

பரிந்துரை கேட்டு வருபவர் பெரும்பாலும் தாயாகவோ தந்தையாகவோ இருப்பார். "இவன் ஒண்டும் வாசிக்கிறேல்லை மிஸ், எந்த நேரமும் ஃபோன்தான்" என்று அவர் தொடங்கும்போது, பக்கத்தில் நிற்கும் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் உரையாடலைப் பிள்ளையின் பக்கம் திருப்புவதுதான் பரிந்துரைப்பவரின் முதல் வேலை. "நீங்கள் கடைசியா முழுசா வாசிச்சு முடிச்சது எது?" என்று கேளுங்கள். அது சித்திரக்கதையாக இருந்தாலும், இளைய சகோதரியின் படப்புத்தகமாக இருந்தாலும், கிரிக்கெட் வீரர்களைப் பற்றிய சஞ்சிகையாக இருந்தாலும், அதைக் குறைத்து மதிப்பிடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு, பாதியில் விட்ட புத்தகம் எது, எந்த இடத்தில் விட்டீர்கள் என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையே அதிகம் உதவுகிறது. "நிறையப் பேர் வருகினம், ஆர் ஆரெண்டு விளங்கேல்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால், பாத்திரங்கள் குறைந்த, ஒருவரே கதை சொல்லும் நாவல் அதற்குப் பொருந்தும். "ஒண்டுமே நடக்கேல்லை" என்று சொன்னால், முதல் அத்தியாயத்திலேயே ஏதாவது காணாமற்போகும் கதையைத் தேட வேண்டும். "கவலையா இருந்தது" என்று சொன்னால், அந்தப் பிள்ளையோடு ஆறுதலாகக் கதைத்து, அடுத்ததாக மனத்தை இலகுவாக்கும் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, அது விரும்பிப் பார்க்கும் படங்களையும் விளையாடும் விளையாட்டுகளையும் பற்றிக் கேளுங்கள். திரையில் ஒரு பிள்ளையை எது கட்டிப்போடுகிறதோ அது பெரும்பாலும் ஒரு கதை வகையாகத்தான் இருக்கும்: துப்பறிதல், உயிர்தப்புதல், மாயம், நட்பு, நகைச்சுவை. அதே வகையைப் புத்தகத்தில் காட்டுவது, புதிதாக ஓர் ஆர்வத்தை உண்டாக்க முயல்வதைவிட எளிது.

இரண்டாம் படி: மன வயதையும் மொழி வயதையும் வேறுபடுத்துங்கள்

கொழும்பில் நாவல் பரிந்துரைக்கும் எவரும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் தமிழ் மொழிமூலத்திலும், இன்னொரு பகுதியினர் அரச பாடசாலைகளின் ஆங்கில மொழிமூல வகுப்புகளிலும், மற்றொரு பகுதியினர் சர்வதேசப் பாடசாலைகளிலும் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், அயலில் சிங்களம் என்று வளரும் பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று, ஆங்கிலத்தில் முந்நூறு பக்க நாவலை இரண்டு நாளில் முடித்துவிட்டு, தமிழில் ஒரு பக்கத்தை விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசிப்பது இங்கே சாதாரணம். அந்தப் பிள்ளையின் மன வயது பதினொன்று. தமிழில் அதன் மொழி வயது ஏழாக இருக்கலாம். ஏழு வயதுக்குரிய முயல், சிங்கக் கதையை அதன் கையில் கொடுத்தால், மொழி எளிதாக இருந்தாலும் அது அவமானமாக உணரும். பதினொரு வயதுக்குரிய கனமான தமிழ் நாவலைக் கொடுத்தால் மூன்றாம் பக்கத்தில் மூடி வைக்கும். இரண்டு முறையும் பெற்றோர் வந்துசேரும் முடிவு ஒன்றுதான்: "பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கப் பிடிக்காது." உண்மையில் பிள்ளைக்குப் பொருந்தாத புத்தகம் கொடுக்கப்பட்டது, அவ்வளவுதான்.

ஆகவே தேட வேண்டியது, கதைப்பொருள் பிள்ளையின் மன வயதுக்கும் நடை அதன் மொழி வயதுக்கும் பொருந்தும் நூலை. மொழி வயதை அறிய, புத்தகத்தின் நடுவிலுள்ள ஒரு பக்கத்தைப் பிள்ளையிடம் கொடுத்து, சத்தமாக அல்லாமல் மனத்துக்குள் வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியும் முன்பே ஐந்து விரல்களும் மடங்கிவிட்டால் அது தனியே வாசிப்பதற்குக் கடினமான புத்தகம். ஒன்றிரண்டு விரல்கள் மடங்குவது நல்லது. ஒன்றுமே மடங்காவிட்டால் எளிது, ஆனால் எளிதாக இருப்பதில் தீங்கில்லை. உலகெங்கும் நூலகர்கள் பயன்படுத்தும் பழைய முறை இது. தமிழுக்கு நான் ஒரு சிறு திருத்தம் சேர்ப்பேன்: சொல் விளங்காமை வேறு, எழுத்து வாசிக்கக் கடினமாக இருப்பது வேறு. பல பிள்ளைகளுக்குக் காதால் கேட்டால் விளங்கும் சொல், கண்ணால் பார்க்கும்போது விளங்காது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதல் இரண்டு அத்தியாயங்களைப் பெரியவர் ஒருவர் வாசித்துக் காட்டி, மூன்றாவதிலிருந்து அதையே தொடரச் சொல்வது நல்ல பலனைத் தருகிறது.

தமிழகத்தில் அச்சான நூல்களில் உரையாடல்கள் அந்தந்த ஊர்ப் பேச்சுவழக்கில் எழுதப்பட்டிருந்தால், இங்குள்ள பிள்ளைகள் அங்கேதான் முதலில் தடுக்கி நிற்பார்கள். கதை நடப்பது மதுரையிலோ சென்னையிலோ, அங்குள்ளவர்கள் இப்படித்தான் கதைப்பார்கள் என்று முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவிட்டால் போதுமானது.

மூன்றாம் படி: நீங்கள் வாசிக்காததைப் பரிந்துரைக்காதீர்கள்

இது கடினமான நிபந்தனை என்பது தெரியும். வேலைக்குப் போய்வரும் பெற்றோருக்கு நேரம் இல்லை. ஆசிரியருக்குத் திருத்த வேண்டிய கொப்பிகள் குவிந்திருக்கும். ஆனாலும் நூறு பக்கச் சிறுவர் நாவல் ஒன்றை ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். பின்னட்டையை மட்டும் வாசித்துச் சொல்லும் பரிந்துரையைப் பிள்ளைகள் மிக விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள். "அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருந்தது எண்டு நீங்கள் நினைச்சனீங்கள், மிஸ்?" என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்கும்போது பதில் இல்லாவிட்டால், அடுத்த பரிந்துரைக்கு மதிப்பிருக்காது.

வாசிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, கதையின் முக்கிய முடிவுகளை எடுப்பவர் யார் என்பதை. நல்ல சிறுவர் நாவலில் பிள்ளையே யோசிக்கும், பிழை விடும், துணியும், விளைவைத் தாங்கும். கடைசி அத்தியாயத்தில் ஒரு மாமாவோ பொலிஸ் அதிகாரியோ வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் கதை, பிள்ளைகளைப் பார்வையாளராக்கிவிடுகிறது. அடுத்ததாக, நீதி புகட்டும் குரலைக் கவனிப்பேன். "ஆகவே குழந்தைகளே" என்று ஆசிரியர் கதைக்குள் நுழையும் இடத்தில், வாசிக்கும் பிள்ளை கதையை விட்டு வெளியே வந்துவிடுகிறது. தமிழ்ச் சிறுவர் இலக்கியத்தின் மிகப் பழைய பழக்கம் இது. இன்னும் முற்றாக ஒழியவில்லை. நேர்மை, அன்பு, துணிவு ஆகியவை கதைக்குள் நடந்து காட்டப்பட வேண்டும்.

மூன்றாவதாக, பாத்திரத்தின் வயது. இந்தப் பருவத்துப் பிள்ளைகள் தம்மைவிட ஒன்றிரண்டு வயது மூத்த பாத்திரத்தைப் பற்றி வாசிக்க விரும்புவார்கள். இளைய பாத்திரத்தைப் பற்றி வாசிப்பதை "சின்னப்பிள்ளைப் புத்தகம்" என்று ஒதுக்குவார்கள். பத்து வயதுக்குப் பன்னிரண்டு வயது நாயகன் பொருத்தம். அதோடு எழுத்தின் பருமன், அத்தியாயத்தின் நீளம், தாளின் நிறம் ஆகியவற்றையும் பாருங்கள். சிறிய எழுத்தில் நெருக்கமாக அச்சிட்ட பக்கம், தயங்கித் தயங்கி வாசிக்கும் பிள்ளையைத் திறந்தவுடனேயே திருப்பி அனுப்பிவிடும்.

பழைய நூல்களை வாசிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறத்தையோ, உடற்குறையையோ, சாதியையோ, வேலைக்காரரையோ கேலி செய்யும் வரிகள் அக்காலக் கதைகளில் சர்வசாதாரணமாக வரும். அப்படி ஓரிரு வரிகள் வருவதால் முழுப் புத்தகத்தையும் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வரி எங்கே வருகிறது என்பதை அறிந்து, அதைப் பற்றிப் பிள்ளையோடு கதைக்க ஆயத்தமாக இருங்கள். கேலியே கதையின் முதுகெலும்பாக இருந்தால் மட்டும் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: கையில் சில நூல்களை எப்போதும் ஆயத்தமாக வைத்திருங்கள்

நீண்ட பட்டியல் உதவாது. நீங்கள் நன்கு அறிந்த பதினைந்து, இருபது நூல்கள் போதும். அவை வெவ்வேறு வகையாக இருக்க வேண்டும். நான் திரும்பத் திரும்ப எடுக்கும் சிலவற்றைக் காரணத்தோடு சொல்கிறேன்.

தமிழ் வாசிக்கத் தயங்கும் பிள்ளைக்கு முதலில் கொடுக்கத் தக்கது, ரஷ்ய எழுத்தாளர் அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதிய 'அப்பா சிறுவனாக இருந்தபோது'. நோயுற்றிருந்த தன் மகளுக்கு, தான் சிறுவனாக இருந்தபோது செய்த குறும்புகளையும் பட்ட அவமானங்களையும் ஒரு தந்தை சொன்ன கதைகள் அவை. ஒவ்வோர் அத்தியாயமும் சில பக்கங்களில் தனித்தனியே முடிந்துவிடுவதால், ஒரு நாளைக்கு ஒன்று வாசித்தாலே ஒன்றை முடித்த திருப்தி பிள்ளைக்குக் கிடைக்கும். கண்டிப்பாக நாவல் என்று சொல்ல முடியாது; ஆனால் ஒரே பாத்திரம் தொடர்ந்து வருவதால், நாவலுக்குள் நுழையும் படியாக அது நன்றாகப் பயன்படுகிறது.

அதற்கு அடுத்து டெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பானில் 1981இல் வெளிவந்த இந்நூலும் உண்மை வாழ்க்கையிலிருந்து எழுதப்பட்டதே. ஒரு பாடசாலையிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாகக் கொண்ட தோமோயே பள்ளிக்கு வந்து சேர்கிறாள். முதல் நாள் அவள் சொல்வதையெல்லாம் தலைமையாசிரியர் கொபயாஷி மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். புலமைப்பரிசில் பரீட்சைக்காக மாலை வகுப்பு, ஞாயிறு வகுப்பு என்று ஓடிக் களைத்த கொழும்புப் பிள்ளைகளுக்கு அந்த ரயில் பெட்டி வகுப்பறை எவ்வளவு பெரிய ஆறுதலாக இருக்கிறது என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட நண்பனை அவள் மரத்தில் ஏற்றிவிடும் அத்தியாயத்தைத் தனியாகவே வாசித்துக் காட்டலாம். அந்த நண்பன் பின்னர் இறந்துவிடுகிறான் என்பதையும், போரின் குண்டுவீச்சில் பள்ளி எரிந்துபோகிறது என்பதையும் பெரியவர்கள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

சாகசமும் அறிவியலும் விரும்பும் பிள்ளைகளுக்கு ஜெயமோகனின் 'பனிமனிதன்' மிகப் பொருத்தமானது. இமயமலையின் பனியில் காணப்பட்ட இராட்சதக் காலடித் தடத்தைத் தேடிப் புறப்படும் பயணம் அது. உயிரினங்களின் பரிணாமம், பௌத்தம், மலைவாழ்வு பற்றிய செய்திகள் கதையோடு கலந்தே வருகின்றன. தமிழில் சரளமாக வாசிக்கும் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு உரியது. மொழி வயது குறைந்தவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது நூலாக வைத்துக்கொள்ளுங்கள். பழங்காலத்தின் மீது ஆர்வமுள்ள பிள்ளைக்கு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'யைக் கொடுக்கலாம். கீழடி அகழ்வாய்வைப் பின்னணியாகக் கொண்டு, இன்றைய சிறுவன் ஒருவனைப் பழந்தமிழர் வாழ்வுக்குள் அழைத்துச் செல்லும் அந்நூல் 2023ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்றது. இந்திய சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் இந்த விருதின் தமிழ்ப் பட்டியலைப் பின்தொடர்வது, புதிய நூல்களைக் கண்டறிய நல்ல வழி. விருது பெற்றவற்றில் சிறுகதைத் தொகுப்புகளும் உண்டு என்பதால், நாவல்தானா என்று பார்த்து எடுங்கள்.

தாத்தா, பாட்டியோடு சேர்ந்து வாசிக்கத் தக்கவை வாண்டுமாமாவின் சாகசக் கதைகள். 1925 முதல் 2014 வரை வாழ்ந்து, பூந்தளிர், கோகுலம் போன்ற சிறுவர் இதழ்களில் பணியாற்றியவர் அவர். அவருடைய கதைகளை வாசித்து வளர்ந்த தலைமுறை இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறது. தாம் பத்து வயதில் வாசித்த கதையை எழுபது வயதில் மீண்டும் வாசிக்கும் ஒருவரைப் பக்கத்தில் பார்ப்பதே பிள்ளைக்குப் பெரிய ஊக்கம்.

நம் நாட்டுக் கதைகளுக்கு வருவோம். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் சிங்களத்தில் எழுதிய 'மடொல் தூவ' இலங்கையில் வளரும் எந்தப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டிய நாவல். உபாலி, ஜின்னா என்ற இரு சிறுவர்கள் கொக்கலப் பகுதியில் செய்யும் குறும்புகளும், ஆளில்லாத தீவொன்றுக்குப் போய்ப் பயிர்செய்து வாழ முனைவதும்தான் கதை. பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்கும் பிள்ளைக்கு, பாடப்புத்தகத்துக்கு வெளியே அந்த மொழியில் ஒரு முழு உலகம் இருப்பதை இது காட்டும். சிங்கள மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்த பிள்ளைகள் உண்டு. தமிழ் நாவல்களில், செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்' சிறுவருக்கென்றே எழுதப்பட்டதல்ல. ஆயினும் ஊரை விட்டு அதிகம் வெளியே போகாத யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருத்தி பயணம் புறப்படும்போது நேரும் வேடிக்கைகளைச் சத்தமாக வாசித்தால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். வீட்டில் கேட்கும் பேச்சு அச்சில் வருவதைக் கண்டு பிள்ளைகள் அடையும் மகிழ்ச்சிக்காகவே அதை நான் இந்த வரிசையில் வைத்திருக்கிறேன்.

இதை எழுதும்போதே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கொழும்பின் தொடர்மாடி வீட்டில் வாழும், காலி வீதிப் பேருந்தில் பாடசாலைக்குப் போகும், சிங்கள, முஸ்லிம் நண்பர்களோடு வளரும் தமிழ்ப் பிள்ளையைப் பற்றி, அந்தப் பிள்ளைக்காகவே எழுதப்பட்ட தமிழ் நாவல்கள் மிகக் குறைவு. எழுதக்கூடியவர்கள் இதை வாசித்தால், அந்தப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று அறியட்டும்.

ஆங்கிலத்தில் சரளமாக வாசிக்கும் பிள்ளைகளுக்கு நூல் பஞ்சம் இல்லை; அங்கே சிக்கல் தெரிந்தெடுப்பதில்தான். ஒரே தொடரின் இருபதாவது பாகத்தில் நிற்கும் பிள்ளையை வெளியே அழைத்துவர, அதே சுவையை ஒட்டிய தனி நாவல் ஒன்று வேண்டும். குறும்பும் பழிவாங்கலும் பிடித்தால் ரோல்ட் டாலின் 'மட்டில்டா'. புதிர் பிடித்தால், மூன்று காலத்துக் கதைகள் கடைசியில் ஒன்றாகப் பொருந்தும் லூயிஸ் சக்கரின் 'ஹோல்ஸ்'. பாடசாலைக் கதை பிடித்தால் ஆர். கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்'. கடைசியில் சொன்னது 1935இல் வெளிவந்தது. பரீட்சைப் பயமும் கிரிக்கெட் அணியும் நண்பர்களின் கோபதாபமும் இன்னும் அப்படியே இருப்பதால், அந்த நாவலின் கற்பனை ஊரான மால்குடிக்கும் பம்பலப்பிட்டிக்கும் அதிக தூரமில்லை என்று பிள்ளைகள் உணர்கிறார்கள்.

ஐந்தாம் படி: கனமான விடயங்களை மறைக்காமல், ஆயத்தத்தோடு கொடுங்கள்

மரணம், போர், இடம்பெயர்வு, உடற்குறை, துஷ்பிரயோகம் ஆகியவற்றைப் பற்றிய நாவல்களை இந்த வயதுக்குக் கொடுக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நம் வீடுகளில் பலவற்றில் சுவரில் மாலையிட்ட ஒரு படம் இருக்கிறது; ஏன் ஊரை விட்டு வந்தோம் என்ற கேள்விக்கு அரைகுறைப் பதில்தான் இருக்கிறது. பிள்ளைகள் இவற்றை அறியாமல் வளரவில்லை. கேட்பதற்கு வழியின்றி வளர்கிறார்கள். நல்ல நாவல் அந்த வழியைத் திறக்கும். ஆகவே கொடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் யாருக்கு, எப்போது, யாருடைய துணையோடு என்பதை யோசித்துக் கொடுக்க வேண்டும்.

மரணத்துக்கு, ஈ. பி. வைட் 1952இல் எழுதிய 'ஷார்லொட்ஸ் வெப்' இன்னும் நிகரற்றது. பன்றிக்குட்டி ஒன்றைக் காப்பாற்றும் சிலந்தி, தன் வேலை முடிந்தபின் இறந்துபோகிறது. கதை அந்தத் துயரத்தை மறைப்பதும் இல்லை, அதிலேயே முடிவதும் இல்லை. இடம்பெயர்வுக்கு, வீரா ஹிரநந்தானியின் 'த நைட் டயரி'. 1947 இந்திய-பாகிஸ்தான் பிரிவினையின்போது வீட்டை விட்டுப் புறப்படும் பன்னிரண்டு வயது நிஷா, இறந்துபோன தன் தாய்க்குக் கடிதங்களாக எழுதும் நாட்குறிப்பே அந்த நாவல். வேறு நாட்டின் கதையாக இருப்பதால், சொந்த வீட்டின் கதையைக் கேட்கப் பிள்ளைக்கு அது ஒரு பாதுகாப்பான தூரத்தைத் தருகிறது. அதை வாசித்து முடித்த பிள்ளை "அம்மம்மாவும் இப்பிடித்தான் வந்தவவா?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு வீட்டில் யார் பதில் சொல்வார் என்பதைப் பெற்றோரோடு முன்கூட்டியே கதைத்துவிடுங்கள். அண்மையில் இழப்பைச் சந்தித்த பிள்ளைக்கு, அதே இழப்பைப் பற்றிய நூலை உடனடியாக நீட்டாதீர்கள். அது தானாகக் கேட்கும்வரை பொறுத்திருங்கள்.

முகத்தோற்ற வேறுபாட்டோடு பிறந்த சிறுவன் முதன்முதலாகப் பாடசாலைக்குப் போவதைச் சொல்லும் ஆர். ஜே. பலாசியோவின் 'வொண்டர்', வகுப்பில் கேலி நடக்கும்போது முழு வகுப்புக்கும் வாசித்துக் காட்டத் தக்கது. பாலியல் துஷ்பிரயோகத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்வதைப் பிள்ளைகளுக்குக் கதையாகவே சொல்லும் தமிழ் நாவல் ஒன்று உண்டு: யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற இந்நூலைப் பெற்றோர் முதலில் வாசித்துவிட்டு, பிள்ளையோடு சேர்ந்து இன்னொரு முறை வாசிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். வாசிக்கும்போது ஒரு பிள்ளை எதையாவது சொல்ல முற்பட்டால், புத்தகத்தை மூடிவிட்டு, இடைமறிக்காமல் அதைக் கேளுங்கள். இலங்கையில் 1929 என்ற சிறுவர் உதவி அழைப்பு இலக்கமும் இருக்கிறது. ஆசிரியர்களும் பெற்றோரும் அதை அறிந்திருப்பது நல்லது.

ஆறாம் படி: சுருக்கமாகச் சொல்லி, தெரிவைப் பிள்ளையிடம் விடுங்கள்

ஒரு புத்தகத்தை ஒரு நிமிடத்துக்குள் அறிமுகப்படுத்தப் பழகுங்கள். யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்ற மூன்றையும் சொல்லி, ஒரு கேள்வியோடு நிறுத்துங்கள். "இரண்டு பொடியன்கள் வீட்டை விட்டு ஓடி ஒரு தீவுக்குப் போகினம், அங்க ஆருமில்லை எண்டுதான் நினைச்சவை" என்பது போதும். "இது மிகவும் நல்ல புத்தகம், தமிழ் அறிவு வளரும்" என்று சொன்னால் பிள்ளையின் காது மூடிக்கொள்ளும். இரண்டு அல்லது மூன்று நூல்களை மேசையில் வைத்து, முதல் பக்கங்களைப் புரட்டவிட்டு, சற்று விலகி நில்லுங்கள். ஒன்றை மட்டும் நீட்டினால் அது கட்டளை. பத்தை வைத்தால் குழப்பம்.

ஐம்பது பக்கம் வாசித்தும் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாசித்து முடித்ததும் சுருக்கம் எழுதச் சொல்வதையும், கேள்வி கேட்டுப் பரிசோதிப்பதையும் தவிருங்கள். நம் பிள்ளைகளுக்குப் பரீட்சைகள் வேண்டிய அளவு இருக்கின்றன. தரம் ஐந்தில் புலமைப்பரிசில் நெருங்கும் மாதங்களில் புதிய நாவலைத் தொடங்கச் சொல்லாமல், பழகிய சிறு கதைகளைப் படுக்கைக்கு முன் வாசித்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். பரீட்சை முடிந்த மறுவாரம்தான் நாவல் கொடுக்க மிகச் சிறந்த நேரம்.

ஏழாம் படி: எங்கே பெறுவது

செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலையில் தமிழகத்து நூல்களும் இலங்கை நூல்களும் கிடைக்கும். இறக்குமதி நூல்களின் விலை 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் பல குடும்பங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால், நூலகங்களையே முதலில் நாடுங்கள். 1925இல் தொடங்கப்பட்ட கொழும்புப் பொது நூலகம் விகாரமகாதேவி பூங்காவை அடுத்து இருக்கிறது. 1942இல் உருவான கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தையில் இருக்கிறது. மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையோரப் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலச் சிறுவர் நாவல்களைக் குறைந்த விலைக்கு எடுக்கலாம். பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்று அங்கேயே புரட்டிப் பாருங்கள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளையை அழைத்துச் சென்றால், ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து, அதற்குள் எதை வாங்கினாலும் கேள்வி கேட்பதில்லை என்று உறுதி கொடுங்கள். அச்சில் இல்லாத ஈழத்துச் சிறுவர் நூல்கள் பல 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. ஒரே தொடர்மாடியில் நான்கைந்து குடும்பங்கள் ஆளுக்கு இரண்டு நூல் வாங்கி மாற்றிக்கொண்டால், ஒரு வருட வாசிப்புக்குப் போதும்.

எட்டாம் படி: அடுத்த புத்தகத்தை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்

முதல் நாவலை விரும்பி முடித்த பிள்ளை, அடுத்த ஒரு வாரத்துக்குள் இரண்டாவதைப் பெற வேண்டும். ஆர்வம் சூடாக இருக்கும் காலம் அவ்வளவுதான். ஒரு கொப்பியில் பிள்ளையின் பெயர், கொடுத்த நூல், அது சொன்ன ஒரு வரி ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். அடுத்த நூல் முந்தையதிலிருந்து ஒரே ஒரு விதத்தில் மட்டும் வேறுபடட்டும்: அதே வகை, சற்று நீளம் கூடியது, அல்லது அதே நீளம், சற்று வேறு வகை. மொழி, நீளம், வகை மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பிள்ளை வழியில் நின்றுவிடும்.

பன்னிரண்டு வயதில் பலரும் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கேட்பார்கள், குறிப்பாகத் திரைப்படம் வந்தபின். 1950 முதல் 1954 வரை தொடராக வந்து ஐந்து பாகங்களாக விரிந்த நாவல் அது. பாத்திரங்களும் மிக அதிகம். கேட்கும் பிள்ளையை மறுக்காதீர்கள். ஆனால் அதற்கு முன் அவருடையதே ஆன, அளவில் சிறிய 'பார்த்திபன் கனவை' வாசிக்கச் சொல்லுங்கள். அதை முடித்தபின், ஐந்து பாகங்களையும் ஒன்றாக வாங்காமல் முதல் பாகத்தை மட்டும் எடுங்கள். பாத்திரங்களின் பெயர்களையும் உறவுகளையும் ஒரு தாளில் எழுதி அட்டைக்குள் ஒட்டிவிட்டு, இரண்டாம் பாகத்தைப் பிள்ளை தானாக வந்து கேட்கும்போது வாங்கிக் கொடுங்கள்.